இரண்டாம் நம்பர் பம்பும் கட்டில் பலகையும்

மனைவியை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது என்று பிரஷர் சார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முடிவு செய்தார். முடிவு செய்த வேகத்தில் பற்பசை நுரையில் பாதி உள்ளே போய்விட்டது.

பிரஷர் சார் என்பது ஊழியர்கள் வைத்த பெயர். ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் நிலையத்தின் மேற்பார்வையாளர் அவர். "எப்படி சார் இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "நாலரை கிலோ, ஆடாம நிக்குது" என்று பம்பின் அழுத்தத்தைச் சொல்வார். தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. மூன்று பம்புகளின் உடம்பைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவர் மனைவியும் அதே துறைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து துறைத் தேர்வு எழுதினார்கள். அவள் பாஸானாள். இவர் அதற்கு அடுத்த முறை நிச்சயம் பாஸாவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் பம்புகளின் திறனைச் சோதிக்கும் அதிகாரியாகி, பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கிற தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவாள். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் கைப்பையைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

ஒவ்வொரு முறையும் பஸ் ஏறும்போது அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள். தலைமையகத்துச் சோதனைக் கூடத்தில் ஒரு மேற்பார்வையாளர் இடம் காலியாக இருக்கிறது, மாற்றல் கேட்டு வரக்கூடாதா என்பாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். தான் ஒரே ஒரு நாள் இல்லாவிட்டால் இந்த நிலையம் என்ன கதிக்கு ஆளாகும் என்று அவளுக்குத் தெரியுமா என்பார். தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது என்பாள் அவள். அதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

பஸ் போன பிறகுதான் அவருக்கு வீடு என்று ஒன்று இருப்பது உறைக்கும். நிலையத்துக்குப் பின்னாலேயே குடியிருப்பு, இரண்டு அறை, ஒரு சமையலறை. உப்பு டப்பாவில் அவள் கையெழுத்தில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கும். அதை வாசித்துவிட்டுத்தான் உப்பு எடுப்பார். காபி போட்டால் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கும், ஒன்றைத் திரும்ப வைப்பார். அவள் விட்டுப்போன பழைய செருப்பை வாசலில் உள்பக்கம் பார்த்து வைத்திருந்தார். வெளிப்பக்கம் பார்த்திருந்தால் யாரோ கிளம்பிப் போகிற மாதிரி இருந்தது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லலாம். தினமும் மாலை ஏழு மணிக்கு அவளே போன் செய்கிறாள். ஆனால் போனை எடுத்தவுடன் அவர் வாயிலிருந்து வருவது என்னவோ மூன்றாம் நம்பர் பேரிங் கொஞ்சம் சூடு என்பதுதான். அவள் "ம்" என்பாள். வால்வில் ஒழுக்கு என்பார். அதற்கும் ஒரு "ம்". வேறு ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் சுவரைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வர வர அந்த அரை மணி ஒரு மணியாகிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தீர்மானம்.

வழி ஒன்று இருந்தது. காரணம் தெரியாமல் ஒரு பம்பின் அழுத்தம் குறைந்தால், நிலையம் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். தலைமையகம் சோதனை அதிகாரியை அனுப்ப வேண்டும். இந்தப் பக்கத்துக்குச் சோதனை அதிகாரி அவள்தான். சோதனை என்றால் நாலு நாள். ஞாயிறு மதியம் கைப்பை தேடுகிற வேலையெல்லாம் கிடையாது, அரசாங்கச் செலவில் நாலு முழு நாள்.

சிக்கல் என்னவென்றால், ஆறு வருஷமாக எந்தப் பம்பும் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. அவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்திருந்தார். அவர் திறமையே அவர் குடும்ப வாழ்க்கைக்கு எமனாக நின்றது. வேண்டுமென்றே ஒன்றைக் கெடுக்கலாம் என்றால் கை வரவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு இரண்டாம் நம்பரிடம் போனவர், அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

நோய் இல்லாமல் நோயாளி ஆக வேண்டும். அதற்குத்தான் தண்ணீரைச் சுழல விடுகிற யோசனை வந்தது.

விஷயம் எளிது. பம்புக்குள்ளே ஒரு சக்கரம் சுற்றுகிறது. நேராக உள்ளே வருகிற தண்ணீரை அது பிடித்துத் தள்ளுகிறது, தண்ணீர் மேட்டுத் தொட்டிக்கு ஏறுகிறது. வருகிற தண்ணீர் அந்தச் சக்கரம் சுற்றுகிற பக்கமாகவே சுழன்றுகொண்டு வந்தால் சக்கரத்துக்குப் பிடி கிடைக்காது. நம் கூடவே அதே வேகத்தில் ஓடி வருகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள், தெரியும். பம்பில் ஒரு குறையும் இருக்காது, பிரித்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஆனால் அழுத்தம் மட்டும் சரிந்திருக்கும். உலகத்தில் எந்தச் சோதனை அதிகாரியும் தலையைப் பிய்த்துக்கொள்வாள் என்று நினைத்தபோது பிரஷர் சாருக்கு வாயெல்லாம் பல்.

தண்ணீர் வந்து நிற்கும் தொட்டியில் ஒவ்வொரு பம்புக்கும் தனி அறை உண்டு. இரண்டாம் நம்பர் அறையின் வாயில் ஒரு ஓரமாகப் பலகை ஒன்றை நிறுத்திவிட்டால் போதும். தண்ணீர் மறு ஓரமாகப் பாய்ந்து, பின்சுவரில் முட்டி, வட்டம் போட்டுக்கொண்டு பம்பின் வாய்க்குள் போகும். பலகைக்கு எங்கே போவது? ஸ்டோரில் எடுத்தால் கையெழுத்துப் போட வேண்டும். கடையில் வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். படுக்கையறையில் இரட்டைக் கட்டில். மெத்தையைத் தூக்கினால் பக்கத்துக்கு மூன்று நீளப் பலகைகள். தன் பக்கத்திலிருந்து உருவினால் தன் முதுகுதான் போகும். அவள் பக்கத்து நடுப் பலகையை உருவினார். அந்தப் பக்கம்தான் யாரும் படுப்பதில்லையே என்று நினைத்துக்கொண்டார். நினைத்தபின் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு மதியம், இரண்டாம் நம்பர் ஓய்வில் இருந்தது. நிலையத்தில் அப்போது அவருடைய உதவியாளர் மட்டும்தான். அந்த ஆளுக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார், அதனால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. பிரஷர் சார் இரும்பு ஏணியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பலகையை இடது ஓரத்தில் நிறுத்திக் கம்பியால் கட்டிவிட்டு ஏறினார். பம்பை ஓட்டச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் ஈர வேட்டியோடு வந்து மேஜையில் உட்கார்ந்தார்.

நிதானம் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சார், ரெண்டாம் நம்பர் இன்னிக்குப் பிச்சு உதறுது சார். அழுத்தம் ஏறியிருக்கு. மோட்டார் ஆம்பியரும் ஏறியிருக்கு. என்ன சார் பண்ணினீங்க?"

பிரஷர் சாருக்கு விஷயம் விளங்கியது. பலகை வைத்த பக்கம் மாறிப்போய்விட்டது. தண்ணீர் சக்கரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்று வந்து, எதிரே ஓடி வருகிறவன் மேல் மோதுகிற மாதிரி மோதிக்கொண்டிருந்தது. அழுத்தம் கூடத்தான் செய்யும். மோட்டார் வேறு முக்கி முனகிச் சூடேறிக்கொண்டிருந்தது. மனைவியை வரவழைக்கப் போட்ட திட்டம், அவருக்கு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடும் போலிருந்தது. அவசரமாகப் பம்பை நிறுத்தச் சொல்லி, நிதானம் மிச்சச் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி இறங்கி, பலகையை வலது ஓரத்துக்கு மாற்றிக் கட்டினார். இந்த முறை அழுத்தம் நாலரையிலிருந்து மூணே முக்காலுக்கு அழகாக இறங்கியது. அவ்வளவு சத்தமில்லாமல், அவ்வளவு ஒழுக்கமாக ஒரு பம்பு நோயில் விழுந்து அவர் பார்த்ததில்லை. ஊருக்குத் தண்ணீர் குறையக்கூடாது என்று மூன்றாம் நம்பரைக் கூடுதலாக ஓட்ட ஏற்பாடு செய்தார். திருட்டிலும் ஒரு நாணயம் வேண்டும் என்பது அவர் கட்சி.

இரண்டு நாள் அளவீடுகளை எழுதிச் சேர்த்து, "காரணம் புலப்படவில்லை, உடனடிச் சோதனை தேவை" என்று மின்னஞ்சலில் புகார் அனுப்பினார். அன்று மாலை ஏழு மணிக்கு அவள் போன் செய்தபோது, முதல் தடவையாகப் பம்பைப் பற்றி அவளே பேச்சை எடுத்தாள். வியாழக்கிழமை வருகிறேன் என்றாள். பிரஷர் சார் கடமையுணர்ச்சி மிகுந்த குரலில், வந்தால் நல்லது என்றார். போனை வைத்துவிட்டு அறைக்குள் மூன்று முறை நடந்தார். அன்று சுவரைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் அளவுக் கருவிப் பெட்டியும் துணிப்பையுமாக வந்து இறங்கினாள். நேரே நிலையத்துக்குப் போய், அளவீட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள், அழுத்தம் காட்டும் முட்களைப் பார்த்தாள், பம்பின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்து, பஸ்ஸில் வந்த அலுப்பு, கொஞ்சம் சாய்கிறேன் என்றாள்.

அப்போதுதான் பிரஷர் சாருக்குப் பலகை ஞாபகம் வந்தது. கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் பாய்ந்தார்.

"அந்தப் பக்கம் வேணாம், காத்தே வராது. என் பக்கம் படு."

"பன்னெண்டு வருஷமா இந்தப் பக்கம்தானே படுக்கிறேன்" என்று அவள் உட்கார்ந்தாள். மெத்தையோடு ஒரு முழம் உள்ளே போனாள். முழங்கால்கள் மட்டும் மேலே தெரிந்தன.

பலகையைப் பூச்சி அரித்துவிட்டது, புதிது அறுக்கக் கொடுத்திருக்கிறேன் என்று பிரஷர் சார் மென்று விழுங்கினார். குழிக்குள் இருந்தபடியே அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள். அந்த ஒற்றைச் 'சரி'யில் என்னவோ இருந்தது. ஆனால் அவர் குளிக்கப் போக வேண்டியிருந்ததால் அதை ஆராயவில்லை.

அதன்பின் வந்த நாட்களை என்ன சொல்ல. சோதனை எப்படிப் போகிறது என்று கேட்டால் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும் என்பாள். பார்க்கட்டும், அவசரம் எதற்கு என்பார் இவர். மெத்தையைத் தரையில் விரித்துக்கொண்டார்கள். இரண்டு டம்ளர் எடுத்தால் இரண்டுக்கும் வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை இருவரும் மேட்டுத் தொட்டி வரை நடந்து போய், ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சனிக்கிழமை ஜன்னல் திரைக்குத் துணி வாங்கினார்கள். அவள் நீலம் என்றாள், இவர் பச்சை என்றார், நீலம் வாங்கினார்கள். அவள் தைக்கும்போது துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். துணியைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று இருவருக்கும் தெரியும். நிலையத்துப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. போனில் மட்டும் ஒரு நாளைக்கு ஒருமுறை, ஏதாவது உண்டா என்று நிதானத்தைக் கேட்பார். ஒன்றும் இல்லை சார் என்று பதில் வரும். ஒன்றுமே இல்லையா என்று கொஞ்சம் மனத்தாங்கலோடு கேட்பார். ஒன்றுமே இல்லை சார்.

ஞாயிற்றுக்கிழமை, நாலாவது நாள். மறுநாள் அவள் போய்விடுவாள் என்ற நினைப்பு காலையிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. சோதனையை இன்னும் இரண்டு நாள் நீட்ட முடியுமா, பலகையைக் கொஞ்சம் அசைத்து வைக்கலாமா என்று பார்க்க நிலையத்துக்குப் போனார். இரண்டாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் நாலரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நாலரைதான், ஆடாமல் நின்றது.

"எப்போ இது ஏறிச்சு?" என்றார்.

"மேடம் வந்த அன்னிக்கே சார். நீங்க குளிக்கப் போன நேரத்துல வந்தாங்க, பம்பை நிறுத்தச் சொன்னாங்க, ஏணியில எறங்கினாங்க, அஞ்சு நிமிஷத்துல ஏறிட்டாங்க. அதிலேருந்து நாலரைதான்." நிதானம் தயங்கினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். அப்புறம், ஒண்ணு கேக்கணும். உங்க குவார்ட்டர்ஸ்ல சமையலறைக் குழாய் ஒழுகுமா சார்?"

எதற்கு இந்தக் கேள்வி என்று யோசிக்கிற நிலையில் பிரஷர் சார் இல்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். முதல் நாளே. வேலையை இழக்கிற பயம் வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வரவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. இனிமேல் அவள் இந்த வாசலை மிதிப்பாளா என்பதுதான் அது.

வீட்டுக்கு வந்தார். படுக்கையறையில் மெத்தை சுவரில் சாய்ந்திருந்தது. அவள் பக்கத்து நடுவில், காய்ந்தும் காயாமலும் கறுத்துப்போன ஒரு பலகை கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவள், கையில் சில காகிதங்களோடு.

"புதுசு அறுத்து வந்தாச்சுங்க" என்றாள். "கொஞ்சம் பாசி வாசம் அடிக்குது. போயிடும்."

பிரஷர் சார் அசடு வழிந்தார். வழிந்து முடித்தபின் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"பம்பு தேய்ஞ்சிருந்தா அழுத்தம் மட்டும் குறையும். மோட்டார் இழுக்கிற ஆம்பியர் குறையாது. நீங்க அனுப்பின கணக்குல ரெண்டும் கைகோத்துக்கிட்டு எறங்கியிருந்துது. தண்ணி சக்கரத்தோட சேந்து சுத்திக்கிட்டு வந்தாத்தான் அப்படி எறங்கும். அங்க என் மேஜையில உக்காந்தே தெரிஞ்சுபோச்சு. எதை வெச்சு மறைச்சீங்கன்னு மட்டும்தான் தெரியலை. கட்டில்ல உக்காந்ததும் அதுவும் தெரிஞ்சுது."

"அப்போ மூணு நாளா இங்க என்ன சோதனை பண்ணினே?"

அவள் பலகையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"உங்களுக்கு மட்டும்தான் வீடு காலியா இருக்குன்னு நெனச்சீங்களா? அங்க எனக்கும் ஒரு ரூம்தான். ஒரு டம்ளர்தான்."

அவளுக்கும் அப்படி இருக்கும் என்று இந்த ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அவருக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவள் காகிதங்களைக் கட்டில் மேல் பரப்பிவிட்டாள்.

மாற்றல் விண்ணப்பம். பெயர், பதவி, பணிக்காலம் எல்லாம் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. கேட்கும் இடம், தலைமையகச் சோதனைக் கூடம். காரணம் என்ற இடம் மட்டும் காலி. அதை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று பேனாவை நீட்டினாள்.

"நான் இல்லேன்னா நிலையம்…" என்று ஆரம்பித்தார்.

"நாலு நாளா நீங்க இல்லை. நாலரை நிக்குது."

அந்த வழியும் அடைபட்டது. அங்கே மேலதிகாரி யார் என்று மெல்லக் கேட்டார்.

"நான்தான்."

"அப்போ வீட்ல?"

அவள் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

'நிர்வாக நலனை முன்னிட்டு' என்று எழுதினார். அவள் அந்தத் தாளை உருவிக் கிழித்துவிட்டு அடுத்ததை வைத்தாள். நாலு தாள் நிரப்பிக் கொண்டு வந்திருந்தாள். 'உடல்நிலை காரணமாக' என்று எழுதினார். யார் உடல்நிலை, உங்களுடையதா இரண்டாம் நம்பருடையதா என்று கேட்டு அதையும் கிழித்தாள். மூன்றாவதில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதும்போதே அவள் கை நீண்டது.

நாலாவது தாள். இதற்கு மேல் தாள் இல்லை. பிரஷர் சார் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாலை ஏழு மணிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. பேரிங் சூடு, வால்வு ஒழுக்கு என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. குனிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'மனைவி இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. ஆறு வருஷமாக முடியவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, நிமிராமல் நீட்டினார்.

அவள் அதை வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். புதுத் திரை போட்ட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தாளை நாலாக மடித்துத் தன் கைப்பையின் உள்ளறையில் வைத்து மூடினாள்.

"நாளைக்கே மேலிடத்துல குடுத்துடுவியா?" என்று கேட்டார் பிரஷர் சார். ஒரு பெரிய தியாகத்தைச் செய்துவிட்ட பெருமை அவர் குரலில் லேசாகத் தலைகாட்டியது. "உத்தரவு வர எத்தனை மாசம் ஆகும்?"

"இதை எதுக்குங்க குடுக்கணும்? புருஷன் பெண்டாட்டியை ஒரே ஊர்ல போடணும்னு நானே எழுதிக் குடுத்து, உங்க மாத்தல் உத்தரவு போன வாரமே வந்தாச்சு, அதைக் குடுக்கத்தான் வந்தேன். இந்த வீடு இனிமே நிதானத்துக்கு. இந்தத் தாள் நான் வெச்சுக்கறதுக்கு."